நிலம் இழந்தவரும் நிலமற்றவரும்: இந்தியத் திரைப்படங்களில் வறுமைச் சித்திரிப்பு (1946–1985)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் திரைப்படங்கள் வறுமையைச் சித்திரித்த முறை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அச்சித்திரிப்பு உண்மையானதா, மிகையானதா என்ற வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன. இக்கட்டுரை அதிலிருந்து விலகி, திரைப்படங்கள் ‘ஏழை’ என்று யாரை அடையாளம் கண்டன என்ற வினாவை முன்வைக்கிறது. 1946 முதல் 1957 வரை வெளிவந்த முதன்மையான படங்களில் ஏழை என்பவர் பெரும்பாலும் கடனால் நிலத்தை இழக்கும் சிறு உழவராகவே இருக்கிறார். பரம்பரையாக நிலமே இல்லாத கூலித் தொழிலாளர், குறிப்பாகத் தலித் தொழிலாளர், 1970களுக்குப் பின்னரே கதையின் மையத்திற்கு வருகிறார். இம்மாற்றத்தின் காரணங்களையும் விளைவுகளையும் தேர்ந்தெடுத்த படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இந்தியத் திரைப்பட வரலாறு, வறுமை, கடன், நிலவுடைமை, சாதி, வேளாண் கூலித் தொழிலாளர்.

முன்னுரை

வறுமை என்பது ஒரே தன்மையுடைய நிலையன்று. இரண்டு பீகா நிலம் உடையவரின் வறுமையும், பிறர் நிலத்தில் நாட்கூலிக்கு உழைப்பவரின் வறுமையும் காரணத்தாலும் தன்மையாலும் வேறுபட்டவை. முன்னவருக்கு இழப்பதற்கு ஒரு பொருள் உண்டு. அதனை மீட்பதற்கான நம்பிக்கையும் உண்டு. பின்னவருக்கோ அவ்விரண்டும் இல்லை. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியச் சிற்றூர்களில் இவ்விரு பிரிவினரும் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். 1950–51இல் நடத்தப்பட்ட முதல் அகில இந்திய வேளாண் தொழிலாளர் விசாரணை, சிற்றூர்க் குடும்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினை வேளாண் தொழிலாளர் குடும்பங்களாகக் கணித்தது. அவற்றுள் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்களுக்குச் சிறிதளவு நிலமும் இல்லை.

இத்தனை பெரிய பிரிவினர் அக்காலத் திரைப்படங்களில் எவ்விடத்தில் நிற்கின்றனர் என்பது எளிய வினாவே. எனினும் அவ்வினாவிற்கு விடை தேடும்போது, திரைப்படம் தன் கதைக்கட்டின் தேவைக்கேற்பச் சிலரைக் கண்டு சிலரைக் காணாது விட்ட வரலாறு புலப்படுகிறது. ‘தர்த்தி கே லால்’ (1946) முதல் ‘தாமுல்’ (1985) வரையிலான நாற்பது ஆண்டுக் காலப்பகுதியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பஞ்சமும் திரையும்

1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம் இந்தியக் கலைஞர்களிடையே பெரும் அதிர்வை உண்டாக்கியது. உட்ஹெட் தலைமையிலான பஞ்ச விசாரணை ஆணையம் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் இறந்ததாகக் கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் அவ்வெண்ணிக்கையை 30 இலட்சம் வரை கொண்டு செல்கின்றனர். அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய மக்கள் நாடக மன்றம் பஞ்சத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகமும் கிருஷன் சந்தரின் ‘அன்னதாதா’ என்ற கதையும் க. அ. அப்பாஸ் இயக்கிய ‘தர்த்தி கே லால்’ படத்திற்கு அடிப்படையாயின. மன்றத்தின் தயாரிப்பாகவே இப்படம் வெளிவந்தது.

இப்படத்தின் மையம் ஓர் உழவர் குடும்பம். பஞ்சக் காலத்தில் நெல்லையும் பின்னர் நிலத்தையும் இழந்து அக்குடும்பம் கல்கத்தாவின் தெருவோரங்களை அடைகிறது. உயிர் பிழைத்தோர் ஊருக்குத் திரும்பிக் கூட்டாக உழவு செய்வதுடன் படம் நிறைவுறுகிறது. பஞ்சத்தை இயற்கையின் சீற்றமாகக் காட்டாமல், பதுக்கலும் சுரண்டலும் சேர்ந்து உருவாக்கிய ஒன்றாகக் காட்டியது இப்படத்தின் சிறப்பு.

எனினும் பஞ்சத்தில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டோர் யாவர் என்பதை இதனோடு ஒப்பிட வேண்டும். அமர்த்தியா சென் தம் ‘வறுமையும் பஞ்சங்களும்’ (1981) என்ற நூலில், அக்காலக் கள ஆய்வுத் தரவுகளின் அடிப்படையில், வேளாண் கூலித் தொழிலாளர், மீனவர், போக்குவரத்துத் தொழிலாளர் போன்றோரே மிகுதியாக வறியநிலைக்குத் தள்ளப்பட்டனர் என்றும், சொந்த நிலத்தில் பயிரிட்டோரும் குத்தகை உழவரும் ஒப்பீட்டளவில் குறைவாகவே பாதிக்கப்பட்டனர் என்றும் காட்டினார். நெல்லை விளைவிப்போர் கையில் நெல் இருந்தது. கூலியாகப் பணம் பெற்றோருக்கோ விலையேற்றத்தின்முன் அப்பணம் பயனற்றுப் போயிற்று. ஆகவே பஞ்சத்தைத் திரையில் பதிந்த முன்னோடிப் படம், அப்பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய பிரிவினரை மையமாகக் கொள்ளவில்லை. இதனை அப்பாஸின் தனிப்பட்ட குறையாகக் கொள்ள இயலாது. உழவரையே நாட்டின் உருவகமாகக் கண்ட தேசிய இயக்கக் காலப் பார்வையின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ள வேண்டும்.

கடன் என்னும் கதைக்கட்டு

பிமல் ராய் இயக்கிய ‘தோ பீகா ஜமீன்’ (1953) இப்பார்வைக்குச் செவ்விய வடிவம் தந்தது. சலீல் சௌத்ரியின் கதையைத் தழுவிய இப்படத்தின் தலைப்பு தாகூரின் கவிதையொன்றின் தலைப்பை நினைவூட்டுவது. 1952இல் இந்தியாவில் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட தெ சீக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ பிமல் ராயின் நடைமுறையைப் பாதித்தது என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் செய்தி. இப்படம் 1954இல் கான் திரைப்பட விழாவில் பன்னாட்டுப் பரிசு பெற்றது.

வங்காள அளவின்படி ஒரு பீகா என்பது ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆக, சம்பு மஹதோ என்ற உழவனிடம் இருப்பது ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலம். ஆலை கட்ட விரும்பும் ஜமீன்தாரின் நிலத்திற்கு நடுவே அது அமைந்துள்ளது. சம்பு விற்க மறுக்கிறான்; உடனே பழைய கடன் நினைவூட்டப்படுகிறது. அவன் கணக்கில் கடன் 65 ரூபாய். ஜமீன்தாரின் கணக்கேட்டிலோ அது 235 ரூபாய்க்கு மேல். நீதிமன்றம் மூன்று மாதத் தவணை அளிக்கிறது. கல்கத்தாவில் கைரிக்‌ஷா இழுத்துப் பணம் சேர்க்க முயலும் சம்பு, விபத்தாலும் மனைவியின் மருத்துவச் செலவாலும் தோற்கிறான். ஏலத்தில் போன நிலத்தில் எழும்பும் ஆலையின் வேலிக்கு வெளியே நின்று ஒரு பிடி மண்ணை எடுக்க முயல்கிறான். காவலாளி அதனையும் கீழே போடச் செய்கிறான்.

இக்கதைக்கட்டில் கடன் ஆற்றும் பணி நோக்கத்தக்கது. கடனுக்கு ஒரு தொகை உண்டு. ஒரு கெடு உண்டு. அதனை எழுதி வைத்த ஒரு மனிதர் உண்டு. தொகை பார்வையாளருக்குக் கணக்கைத் தருகிறது. கெடு பதற்றத்தைத் தருகிறது. கணக்கெழுதியவர் எதிர்நிலைப் பாத்திரமாகிறார். இரண்டரை மணி நேரக் கதைக்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக நிலமில்லாதவரின் வாழ்வில் இத்தகைய கெடு இல்லை. அவருடைய வறுமை ஒருநாள் நேர்ந்ததன்று; எனவே அதனை ஒரு நிகழ்ச்சியாக்கிக் கதை சொல்லும் வழி அக்காலப் பெருவழித் திரைப்படத்திற்கு எளிதில் கைவரவில்லை.

வட்டிக்காரர் என்னும் பாத்திரம் திரைப்படக்காரர்களின் கற்பனை என்று கூறுவதற்கில்லை. ரிசர்வ் வங்கியின் சார்பில் 1951–52இல் நடத்தப்பட்ட அகில இந்தியச் சிற்றூர்க் கடன் அளவாய்வு, உழவர் பெற்ற கடனில் ஏறத்தாழ 70 விழுக்காடு வட்டிக்குக் கடன் கொடுப்போரிடமிருந்தே வந்ததாகவும், கூட்டுறவு அமைப்புகளின் பங்கு 3 விழுக்காட்டளவே என்றும் கண்டது. ஆகவே திரைப்படம் காட்டியது உண்மையே. ஆயினும் அது ஒரு பகுதி உண்மை என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

அரசின் சட்டங்களும் இதே பகுதியைத்தான் முதலில் கண்டன. பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம், உத்தரப்பிரதேச ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் ஆகியவை 1950இல் இயற்றப்பட்டன. அவற்றிற்கு அரண் செய்ய 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இடைத்தரகரை நீக்கிக் குடியானவருக்கு நில உரிமை அளிப்பதே இவற்றின் முதன்மை நோக்கம். எந்த நிலத்திலும் எவ்வகை உரிமையும் இல்லாத கூலித் தொழிலாளருக்கு இவற்றால் நேரடியாகக் கிட்டியது மிகக் குறைவு. திரைப்படம் சட்டத்தைப் பின்பற்றியது என்றோ, சட்டம் திரைப்படத்தைப் பின்பற்றியது என்றோ கூறச் சான்றில்லை. எனினும் இரண்டும் ‘ஏழை’ என்ற சொல்லால் ஒரே மனிதரைச் சுட்டின என்பது தெளிவு.

‘மதர் இந்தியா’: தனிமனிதக் குற்றமாகும் வறுமை

மெஹ்பூப் கான் தம் ‘ஔரத்’ (1940) படத்தைப் புதுக்கி உருவாக்கிய ‘மதர் இந்தியா’ (1957) கடன் கதையைக் காப்பிய அளவிற்கு விரித்தது. திருமணச் செலவிற்காக மாமியார் வாங்கிய 500 ரூபாய்க் கடனுக்கு வட்டியாக, விளைச்சலில் நான்கில் மூன்று பங்கை இராதாவின் குடும்பம் ஆண்டுதோறும் அளக்கிறது. வட்டிக்காரன் சுக்கிலாலாவாக இரு படங்களிலும் நடித்தவர் கன்னையாலால். பதினேழு ஆண்டு இடைவெளியில் நாடு விடுதலை பெற்றிருந்தும் வட்டிக்காரனின் முகம் மாறவில்லை என்பது தற்செயலாயினும் பொருளுடையது.

படத்தின் தொடக்கத்தில் முதுமையடைந்த இராதா புதிய கால்வாயைத் திறந்துவைக்க அழைக்கப்படுகிறாள். அவளுடைய துயரங்கள் பின்னோக்கிக் கூறப்படுகின்றன. இதனால் வறுமை என்பது கடந்துவந்த காலமாகவும், அணையும் கால்வாயும் நிகழ்காலமாகவும் அமைகின்றன. சுக்கிலாலாவைக் கொல்லும் மகன் பிர்ஜுவை, ஊர்ப் பெண்ணின் மானம் காக்கத் தாயே சுட்டு வீழ்த்துகிறாள். வட்டிக்காரன் இறக்கிறான், கலகக்காரனும் இறக்கிறான், எஞ்சுவது நீர்ப்பாசனம். சுரண்டல் ஒரு கொடியவனின் பேராசையாகச் சுருங்கும்போது, அவன் மறைவோடு சிக்கலும் மறைந்ததாகத் தோன்றிவிடுகிறது. கால்வாய் நீர் யாருடைய நிலத்தில் பாயும், நிலமில்லாதவருக்கு அந்நீரால் என்ன பயன் என்ற வினாக்களுக்கு இக்கதையில் இடமில்லை.

சாதியும் வறுமையும்: இரு தனித்தடங்கள்

அக்காலத் திரைப்படங்கள் தீண்டாமையைப் பேசவில்லை என்பது பொருந்தாது. பம்பாய் டாக்கீஸின் ‘அச்சுத் கன்யா’ (1936), பிமல் ராயின் ‘சுஜாதா’ (1959) ஆகியவை அதனை நேரடியாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் இரண்டிலும் சாதி காதலுக்கும் திருமணத்திற்கும் தடையாக வருகிறது. கஸ்தூரி இரயில்வே கதவுக் காவலரின் மகள். சுஜாதா உயர்சாதிப் பொறியாளரின் இல்லத்தில் வளர்பவள். இருவருமே வயற்கூலிகள் அல்லர். சாதி அவர்களுடைய மனத்தையும் மதிப்பையும் காயப்படுத்துகிறது. அவர்களுடைய கூலியையோ உணவையோ நிலத்தையோ தீர்மானிப்பதாகக் காட்டப்படவில்லை.

‘தோ பீகா ஜமீனை’யும் ‘சுஜாதா’வையும் இயக்கியவர் ஒருவரே என்பது இங்கு முக்கியமானது. ஒரே இயக்குநரின் ஒரு படம் வறுமையைச் சாதியின்றிப் பேசுகிறது. மற்றொரு படம் சாதியை வறுமையின்றிப் பேசுகிறது. யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதைப் பெருமளவு சாதியே வரையறுத்த சமூகத்தில் இவ்விரண்டையும் பிரித்தமை, நிலமற்ற தலித் தொழிலாளர் இரு தடங்களிலும் இடம்பெறாமற்போக வழிசெய்தது.

‘வறுமை ஏற்றுமதி’ விவாதம்

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) மேற்கு வங்க அரசின் நிதியுதவியால் நிறைவுற்று, 1956இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசைப் பெற்றது. ‘மதர் இந்தியா’வில் இராதாவாக நடித்த நர்கிஸ் தத், 1980இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது, ராயின் படங்கள் இந்திய வறுமையை வெளிநாடுகளுக்குக் காட்டிப் புகழ் தேடுகின்றன என்ற பொருளில் குறைகூறினார். நவீன இந்தியாவை, குறிப்பாக அணைகளை, அவை காட்டவில்லை என்பதும் அவருடைய குறையாக இருந்தது.

இவ்விவாதம் பெரிதும் அறியப்பட்டது. ஆயினும் அதன் இரு தரப்பும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. ‘பதேர் பாஞ்சாலி’யின் ஹரிஹர் வறிய பிராமணப் புரோகிதர், முன்னோர் வீடும், கைவிட்டுப் போன பழத்தோட்டமும் அவருடைய வாழ்வின் பின்னணி. அவரும் இழந்தவரே. எந்த அளவு வறுமையை, யாருக்குக் காட்டலாம் என்று விவாதித்தவர்கள், யாருடைய வறுமை காட்டப்பட்டது என்று வினவவில்லை. அவ்வினாவிற்கான விடை, விவாதம் எழுந்த மறு ஆண்டே ராயின் படம் ஒன்றிலிருந்து வந்தது.

நிலமற்றோர் திரையேறுதல்

‘சத்கதி’ (1981) பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவித் தூர்தர்ஷனுக்காக ராய் எடுத்த குறும்படம். தோல் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த துக்கி, மகளின் நிச்சயதார்த்தத்திற்கு நாள் குறிக்கப் பிராமணரை அழைக்கச் செல்கிறான். அதற்கு ஈடாக முற்றம் பெருக்கவும் உமி சுமக்கவும் அடிமரத்தைப் பிளக்கவும் ஏவப்படுகிறான். காய்ச்சலிலிருந்து முழுதும் தேறாத அவன் வெறும் வயிற்றோடு மரத்தருகே இறக்கிறான். அவனுடைய உடலைத் தொட இயலாத பிராமணர் காலில் கயிறு கட்டி இழுத்துச் சென்று அப்புறப்படுத்துகிறார். இங்கே கணக்கேடு இல்லை, கெடு இல்லை, வட்டியும் இல்லை. கூலியற்ற உழைப்பை நடத்திவைப்பது சாதி மட்டுமே. நிகழ்ச்சி ஒரு நாளுக்குள் முடிகிறது. நிலமற்றவரின் வறுமையைச் சொல்லப் பெரும் கதைக்கட்டு தேவையில்லை, ஒரு வேலைநாள் போதும் என்பதை இப்படம் காட்டியது.

இதற்கு வழியமைத்தது ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ (1974). தெலங்கானாச் சிற்றூரில் நிலக்கிழாரின் மகன் சூர்யாவிடம் வீட்டுவேலை செய்யும் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் லட்சுமி, பசியால் சிறிது அரிசியைத் திருடிப் பிடிபடுகிறாள். அவளுடைய கணவன் கிஷ்டய்யா கள் திருடியதற்காக மொட்டையடிக்கப்பட்டுக் கழுதைமேல் ஏற்றப்படுகிறான். ‘தோ பீகா ஜமீனி’ல் 65க்கும் 235க்கும் இடைப்பட்ட ரூபாயில் அளக்கப்பட்ட முரண், இங்கே அரிசியிலும் கள்ளிலும் அளக்கப்படுகிறது. பெனகலின் ‘மந்தன்’ (1976) இன்னும் ஒரு படி சென்று, பால் கூட்டுறவு என்னும் பொருளியல் தீர்வு ஊரின் சாதிப் பிளவில் மோதுவதைக் காட்டுகிறது. ‘தர்த்தி கே லாலி’ல் முடிவாக வந்த கூட்டுழைப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ‘மந்தனி’ல் சிக்கலின் தொடக்கமாகிறது.

பிரகாஷ் ஜாவின் ‘தாமுல்’ (1985) பீகாரின் கொத்தடிமை முறையை மையமாகக் கொண்டு, சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே இயற்றப்பட்டிருந்தது. இப்படத்திலும் கடன் உண்டு. ஆனால் அது சம்புவின் கடன் போன்றதன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் இக்கடனின் நோக்கம் நிலத்தைப் பறிப்பதன்று, பறிக்க நிலமில்லை. உழைப்பவரின் உடலையே பிணைத்து வைப்பது அதன் நோக்கம். மூன்று மாதக் கெடு இங்கே வாழ்நாள் கெடுவாகிறது.

இம்மாற்றத்தில் நிதிமூலத்திற்கும் பங்குண்டு. ‘அங்குர்’ விளம்பரப் பட விநியோகத்தில் ஈடுபட்ட பிளேஸ் நிறுவனத்தின் முதலீட்டில் உருவானது. ‘மந்தனு’க்குக் குசராத்தின் 5 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் அளித்தனர். ‘சத்கதி’க்கு அரசுத் தொலைக்காட்சி இடமளித்தது. இவை எவையும் வழக்கமான விநியோகஸ்தரின் எதிர்பார்ப்பைச் சார்ந்தவையல்ல. மீட்பும் நிறைவும் தரும் முடிவு கட்டாயமில்லாத இடத்திலேயே நிலமற்றவரின் கதை இயன்றது.

தமிழ்ச் சூழலில் இதற்கு இணையாகக் கருதத்தக்கது ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983). 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்வைப் பின்னணியாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை ஸ்ரீதர் ராஜன் திரைவடிவமாக்கினார். நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறைபாட்டை உளவியல் காரணமாக நாவல் முன்வைத்தது பின்னர் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. கூலிப் போராட்டத்தைப் பேசும் படைப்பிலும் கட்டமைப்பின் கொடுமை தனிமனிதக் கோளாறாகச் சுருங்கக்கூடும் என்பதை அவ்விமர்சனம் உணர்த்துகிறது. சுக்கிலாலாவின் நிழல் அவ்வளவு நீளமானது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, 1946–57 காலத்து முதன்மைப் படங்கள் வறுமையை இழப்பாகக் கண்டன. எனவே இழக்க நிலமுடைய சிறு உழவரே அவற்றின் ஏழையானார். இரண்டாவதாக, வறுமையும் சாதியும் தனித்தனிப் படங்களுக்குரிய பொருள்களாகப் பிரிக்கப்பட்டதால், இரண்டும் கூடுமிடத்தில் வாழ்ந்த நிலமற்ற தலித் தொழிலாளர் திரையில் மறைந்தனர். மூன்றாவதாக, 1970களில் நிதிமூலமும் கதைக்கட்டும் மாறியபோதே அவர்கள் மையத்திற்கு வந்தனர். அப்போது வறுமை ஒருவர் இழைத்த குற்றமாக அன்றி, அன்றாடம் நடத்தப்படும் ஓர் ஏற்பாடாகத் தென்பட்டது.

இம்மூன்றாம் கட்டப் படங்களுக்கும் எல்லையுண்டு. அவற்றை எடுத்தோர் பெரும்பாலும் அவ்வாழ்விற்கு வெளியே நின்றவர்கள். துக்கி பேசாமலே இறக்கிறான். கிஷ்டய்யா வாய்பேச இயலாதவன். நிலமற்றோரைத் திரைக்குக் கொண்டுவந்த படங்களும் அவர்களுக்குக் குரல் தரத் தயங்கின. நாகராஜ் மஞ்சுளேயின் ‘ஃபன்றி’ (2013), மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) ஆகியவை இவ்விடைவெளியை எவ்வாறு எதிர்கொண்டன என்பது தனித்து ஆராயத்தக்கது. ஒரு படம் வறுமையை எவ்வளவு உருக்கமாகக் காட்டியது என்பதோடு, அது யாரை ஏழை எனக் கொண்டது, யாரைக் கொள்ளாது விட்டது என்ற வினாவையும் திரைப்பட வரலாற்றாய்வு தன் அடிப்படை வினாவாகக் கொள்ளுதல் வேண்டும்.